ஆகஸ்ட் விடுமுறையில் விளையாட்டு விஞ்ஞானப் பகல் முகாம்: யாழ்ப்பாணத்தில் சரிவருமா?

கோண்டாவில் வாத்தி

வணக்கம். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையமும் விளையாட்டுக் கழகமும் சேர்ந்து ஆகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஒரு பகல் முகாம் வைக்க யோசிக்கிறோம். 10 முதல் 14 வயது வரை, ஐந்து நாள், காலை எட்டிலிருந்து மத்தியானம் வரை. துடுப்பாட்டப் பயிற்சியோ கராத்தே வகுப்போ அல்ல, அதற்கெல்லாம் ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். ஓடினால் ஏன் மூச்சு வாங்குகிறது, வியர்வை எதற்கு, வளர்கிற வயதில் முழங்கால் ஏன் நோகிறது என்று பிள்ளைகள் தங்கள் உடம்பிலேயே அளந்து படிக்கிற முகாம்.

முதல்நாள் இதயம். வந்து பாயில் இருந்து கொஞ்சம் ஆறியதும் மணிக்கட்டில் நாடி பிடித்து, 15 செக்கன் எண்ணி, நான்கால் பெருக்கிக் கொப்பியில் எழுதுவார்கள். பெருவிரலால் பிடிக்கக்கூடாது, அதற்கே ஒரு துடிப்பு இருக்கிறது, எண்ணிக்கை குழம்பும். சுட்டுவிரலும் நடுவிரலும்தான். பிறகு கோடு போட்டு மறித்து ஓடுகிற கிளித்தட்டு. களைத்து வந்த கையோடு திரும்ப எண்ணுவார்கள், ஒரு நிமிடம் விட்டு இன்னொரு தரம், மூன்று நிமிடம் விட்டு மற்றொரு தரம். உச்சத்தில் எவ்வளவு அடித்தது என்பதை விட எவ்வளவு கெதியாக இறங்கியது என்பதைத்தான் பார்க்கச் சொல்லப்போகிறேன்.

இரண்டாம் நாள் பாய்ச்சல். வாசிகசாலைச் சுவரில் சோக் பூசிய விரலால் நின்றபடி எட்டித் தொட்டு ஒரு அடையாளம், துள்ளித் தொட்டு ஒரு அடையாளம், இடைவெளியை அளந்தால் முடிந்தது. மூன்றாம் நாள் நரம்பும் சமநிலையும். நாலாம் நாள் சாப்பாடும் தண்ணீரும். கடைசி நாளுக்குச் சிலர் போட்டி வைத்து மெடல் கொடுக்கச் சொல்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை.

பிள்ளைகள் வைத்திருப்பவர்கள், துறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எங்கே இடறும்?

உரும்பிராய் அம்மா

சேர், முதலில் இடறப்போவது ரியூசனில். பள்ளிக்கூடத்துக்குத்தான் விடுமுறை, ரியூசன்காரருக்கு அதுதான் சீசன். எட்டரைக்குக் கணிதம், பத்தரைக்கு விஞ்ஞானம், பின்னேரம் ஆங்கிலம். சின்னவன் புலமைப்பரிசில் எழுதுகிறான், அவனை விடவே ஏலாது. மூத்தவள் எட்டாம் ஆண்டு, அவளை அனுப்ப எனக்கு விருப்பம். ஆனால் அவளின் அப்பா கேட்கப்போவது ஒன்றுதான்: "சான்றிதழ் தருவார்களா?"

அடுத்தது, பெண்பிள்ளைகள் வந்தால் பெண் ஆசிரியர் யாராவது நிற்பார்களா? எங்கள் ஊர் வாசிகசாலையில் மலசலகூடம் இருக்கிறது, திறப்பு யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியாது. உங்கள் ஊரிலும் அப்படியென்றால் முதலில் அதைப் பாருங்கள்.

பிசியோ பெடியன்

வாத்தியார், "மத்தியானம் வரை" என்பதை இன்றைக்கே வெட்டுங்கள். ஆகஸ்டில் பத்து மணி தாண்டினால் தரை காலைச் சுடும். ஆறரைக்குத் தொடங்குங்கள், ஒன்பதுக்கு ஓட்டம் பாய்ச்சல் எல்லாம் முடியட்டும். ஒன்பதரைக்கு ஆள் வீட்டில். உரும்பிராய் அக்காவின் ரியூசன் பிரச்சினையும் அரைவாசி தீர்ந்துவிடும்.

வெயிலைப் பற்றியே ஒரு நாள் முழுக்கப் படிப்பிக்கலாம். வியர்வை வடிவதால் உடம்பு குளிர்வதில்லை, காய்வதால்தான் குளிர்கிறது. இது பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, எங்கள் கழகத்துப் பெரிய பெடியன்களுக்கும் தெரியாது. சோழகம் (தென்மேற்குக் காற்று) பிடித்து வீசுகிற நாளில் சட்டை உடனே காய்ந்துவிடும், வெக்கையே தெரியாது. ஆனால் உடம்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டுதான் இருக்கும், பிள்ளை "எனக்கு வியர்க்கவே இல்லை" என்று சொல்லிக்கொண்டு தண்ணீர் குடிக்காமல் நிற்கும். காற்று விழுந்த நாளில் இதற்கு மறுபக்கம்: உடம்பெல்லாம் சொட்டும், ஒரு துளியும் காயாது, உள்ளே சூடு ஏறும். இரண்டு நாளிலும் விளையாட முன்னும் பின்னும் நிறுத்துப் பார்க்கலாம். இடையில் குடித்ததைக் கணக்கில் சேர்த்த பிறகும் அரைக் கிலோ குறைந்திருந்தால் கொழுப்புக் கரைந்துவிட்டது என்று சந்தோசப்பட ஒன்றுமில்லை. அது கிட்டத்தட்ட அரை லீற்றர் தண்ணீர்.

ஆனால் தராசை நடு மண்டபத்தில் வைக்கவேண்டாம். திரைக்குப் பின்னால் வையுங்கள். கொப்பியில் வித்தியாசத்தை மட்டும் எழுதட்டும், மொத்த நிறையை ஒருவரும் வாசிக்கவேண்டாம். குண்டுப் பிள்ளை ஒன்று அந்த ஒரு நிமிடத்தோடு மறுநாள் வராமல் நின்றுவிடும்.

தலைசுற்றி, வாந்தி வந்து, பிள்ளை சம்பந்தமில்லாமல் கதைக்கத் தொடங்கினால் அது களைப்பு அல்ல. நிழலுக்குக் கொண்டுபோய், உடுப்பைத் தளர்த்தி, மேலெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்குப் போன் அடியுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக்கூடாது. இதைச் செய்யத் தெரிந்தவர் ஒருவர் ஐந்து நாளும் மைதானத்தில் நிற்கவேண்டும். இழுப்பு உள்ள பிள்ளைகளின் இன்ஹேலர் பையிலேயே இருக்கட்டும்.

சோழகம்

என் பெயரைச் சொல்லி வெருட்டுகிறீர்கள் தம்பி 😀

கோபிக்கவேண்டாம், எனக்கு ஒரு சந்தேகம். நாங்கள் எல்லாம் நாடி பிடித்துப் பார்த்தா கிளித்தட்டு விளையாடினோம்? பின்னேரம் ஒழுங்கையில் இறங்கினால் இருட்டும்வரை விளையாட்டு. இப்போது அதற்கும் கொப்பி, அதற்கும் ஆசிரியர். இது விளையாட்டையும் ரியூசன் ஆக்கிற வேலை இல்லையா?

கோண்டாவில் வாத்தி

சோழகம் அண்ணை, நியாயமான கேள்வி. ஒழுங்கை அப்படியே இருந்திருந்தால் இந்த முகாமே தேவையில்லை. 5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற அளவுக்கு ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எலும்பையும் தசையையும் உறுதியாக்கும் துள்ளல், பாய்ச்சல், ஏறுதல் கிழமையில் மூன்று நாளாவது. எங்கள் காலத்தில் ஒருவரும் அளக்காமலே அது நடந்தது. இப்போது ஒரு பிள்ளை காலை ரியூசனுக்கு மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து போகிறது, பின்னேரமும் அப்படியே. மிச்ச நேரம் போன்.

கொப்பி விசயம்: ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலத்துக்கு மேல் எழுத்து வேலை இல்லை. மிச்சம் விளையாட்டு. போன் விளையாடும் பெடியன்களுக்கு ஒரு பொறியும் வைத்திருக்கிறேன். ஒருவர் 30 சென்ரிமீற்றர் அடிமட்டத்தை மேலே பிடித்துத் திடீரென்று விடுவார், மற்றவர் கீழே விரலை விரித்துக் காத்திருந்து பிடிப்பார். 20 சென்ரிமீற்றரில் பிடித்தால் எதிர்வினை நேரம் 0.2 செக்கன். 10 இல் பிடித்தால் 0.14 செக்கன். தூரம் பாதியானால் நேரம் ஏன் பாதியாகவில்லை என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அந்தப் பிள்ளைக்குப் புவியீர்ப்பைச் சொல்லிக்கொடுத்தால் போதும், மற்றவர்கள் பந்தயம் பிடிக்கட்டும். "நான் கேம் அடிக்கிறவன், என் கைதான் கெதி" என்று சொல்பவனின் கை உண்மையிலேயே கெதியா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

உரும்பிராய் அக்கா, இரண்டு ரீச்சர்மார் ஐந்து நாளும் நிற்பார்கள். மலசலகூடத் திறப்பை இன்றைக்கே வாங்கி வைக்கிறேன். நேரத்தைப் பிசியோ தம்பி சொன்னபடி மாற்றலாம்.

பீ.ரி. மாஸ்ரர்

நல்ல முயற்சி, பாராட்டுகிறேன். ஆனால் ஒரு இடத்தில் எனக்குச் சம்மதமில்லை. இவ்வளவு பிள்ளைகளை அளக்கிறீர்கள், எழுதி வைக்கிறீர்கள், பிறகு தெரிவு செய்யாமல் வீட்டுக்கு அனுப்புகிறீர்கள்! பள்ளிக்கூட இல்ல மெய்வல்லுநர் போட்டியில் ஒரு நாளில் நாங்கள் பார்ப்பதை விட உங்களிடம் நல்ல தரவு இருக்கும். பெரியவிளானில் பிறந்து யாழ். மத்திய கல்லூரியில் படித்த எதிர்வீரசிங்கம்தான் 1958 இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கத்தைக் கொண்டுவந்தார். வலைப்பந்தில் தர்ஜினி சிவலிங்கம். கோலூன்றிப் பாய்தலில் மகாஜனாக் கல்லூரியின் அனித்தா. இந்த மண்ணில் ஆள் இருக்கிறது, தேடுகிறவர்தான் குறைவு. முகாமில் முதல் பத்துப் பேரை எடுத்துத் தாருங்கள், நான் மிச்சத்தைப் பார்க்கிறேன்.

ரொறன்ரோ அப்பா

மாஸ்ரர் குறை நினைக்கவேண்டாம். நான் இங்கே பிள்ளைகளோடு கோடைக்கால முகாம்களுக்கு அலைகிறவன், இந்த முதல் பத்துப் பேர் கதையைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். கனடாவில் ஐஸ் ஹொக்கி அணிகளை 1980களில் ஆராய்ந்தவர்கள் ஒரு விசயத்தைக் கவனித்தார்கள். நல்ல அணிகளில் ஜனவரி, பெப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள் அள்ளிக்கொட்டிக் கிடந்தார்கள், வருடக் கடைசியில் பிறந்தவர்கள் மிகக் குறைவு. ஹொக்கி ஜாதகத்தில் இல்லை. வயதுப்பிரிவு ஜனவரி 1 இல் தொடங்குவதால் ஜனவரிப் பிள்ளை டிசம்பர்ப் பிள்ளையை விட ஏறக்குறைய ஒரு வருடம் மூத்தது. பெரிதாக இருக்கும், அதனால் தெரிவாகும், தெரிவானதால் நல்ல பயிற்சி கிடைக்கும், அதனால் இன்னும் நன்றாக விளையாடும். மற்றது சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போய்விடும்.

நம் பள்ளிக்கூட விளையாட்டில் வயதுப்பிரிவு இரண்டு வருடம் அகலம் என்று நினைக்கிறேன். அங்கே வித்தியாசம் இன்னும் மோசமாக இருக்காதா?

ஆகஸ்டில் நாங்களும் ஊருக்கு வருகிறோம். என் இரண்டு பேரையும் சேர்ப்பீர்களா? தமிழ் விளங்கும், திருப்பிக் கதைக்கத்தான் பஞ்சி.

பிசியோ பெடியன்

அப்பா சொன்னது பிறந்த மாதக் கணக்கு. அதற்கு மேல் வளர்ச்சிக் கணக்கும் இருக்கிறது. உயரம் மிகக் கெதியாகக் கூடுகிற காலம் பெண்பிள்ளைகளுக்குச் சராசரியாக 12 வயதளவில், ஆண்பிள்ளைகளுக்கு 14 வயதளவில் வரும். சராசரி என்றுதான் சொல்கிறேன். ஒரே வகுப்பில் ஒருவனுக்கு 12 இல் மீசை அரும்பும், மற்றவனுக்கு 15 இல்தான். முகாமில் 13 வயதுப் பெடியன்களைச் சுவரில் துள்ளவிட்டால் நீங்கள் அளப்பது திறமையை இல்லை, யார் முந்தி வளர்ந்தான் என்பதைத்தான்.

அதோடு கெதியாக வளர்கிற வருடத்தில்தான் முழங்கால் சில்லுக்குக் கீழே ஒரு மேடு வீங்கி நோகும். ஓடினால், துள்ளினால் கூடும். தொடைத்தசை இழுக்கிற இழுவை இன்னும் முற்றாத எலும்பில் பிடிப்பதால் வருவது. குதிக்காலிலும் இதே மாதிரி வரும். சோம்பல், நடிப்பு என்று பேசி ஓடவைத்த பிள்ளைகளைப் பிறகு எங்களிடம்தான் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். பெரும்பாலும் ஓட்டத்தைக் குறைத்து, ஆறவிட்டு, தசையைப் பலப்படுத்தினால் சரியாகிவிடும். தங்களுக்கு என்ன நடக்கிறது என்று பிள்ளைகளுக்கே தெரிந்தால் மாஸ்ரரிடம் துணிந்து சொல்லும்.

உடம்பைச் சூடாக்கும்போது காலை நீட்டிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிற பழைய முறையை விடுங்கள். நீண்ட நேரம் அப்படி இழுத்துப் பிடித்துவிட்டு உடனே துள்ளினால் பாய்ச்சல் கொஞ்சம் குறையத்தான் செய்யும். மெல்லோட்டம், ஒற்றைக்காலில் நின்று பந்து எறிதல், துள்ளி மெதுவாக இறங்குதல் என்று அசைந்துகொண்டே செய்வது நல்லது. பிள்ளைகளின் உதைபந்தாட்டத்துக்கென்று பீஃபா இப்படி ஒரு பயிற்சித் தொகுப்பு வைத்திருக்கிறது. ஐரோப்பாவில் அதைச் செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன.

பீ.ரி. மாஸ்ரர்

தம்பி, புத்தகத்தில் எல்லாம் சரி. வலயப் போட்டிக்கு அணி கொடுக்கவேண்டிய நாள் வந்தால் நான் பொடியனின் மீசை வருமட்டும் காத்திருக்க ஏலாது. அதிபரும் கேட்பார், பழைய மாணவரும் கேட்பார், தோற்றால் வட்ஸ்அப்பில் என் பெயர்தான் உருளும்.

ஆனாலும் முழங்கால் விசயம் எனக்குப் பிரயோசனம். அந்த நோவோடு எத்தனை பேர் பேசாமல் விட்டுப் போனார்கள் என்று இப்போது யோசிக்கிறேன். முகாமுக்கு நானும் வருகிறேன், விசில் என்னுடையது.

பழைய ஜி.எஸ்.

வலைப்பந்தில் ஜி.எஸ். (கோல் ஷூட்டர்) ஆகக் கோல் போட்டுத் திரிந்தவள் என்பதால் இந்தப் பெயர். மேலே எல்லாரும் பெடியன்களைப் பற்றியே கதைக்கிறீர்கள். எங்களுக்கு நடப்பது வேறு. 12, 13 வயதில் பெரியபிள்ளையானதும் சடங்கு முடிகிறது, அதோடு மைதானமும் முடிகிறது. ஒருவரும் "போகாதே" என்று சொல்வதில்லை. "இந்த வெயிலுக்குள்ள என்னத்துக்கு", "இனி வளர்ந்திட்டாய்", "அந்த நாட்களில ஓடக்கூடாது" என்று மெதுவாக வேலியடைப்பார்கள்.

மாதவிடாய் நாளில் ஓடினால் கர்ப்பப்பைக்குக் கூடாது என்று எனக்கும் சொன்னார்கள். அப்படி ஒன்றுமில்லை. நோவு கடுமையாக இல்லாவிட்டால் ஓடலாம், சிலருக்கு ஓடினால் வயிற்று நோவு குறையும். இதை ஒரு பெண் டொக்டரோ மருத்துவத் தாதியோ பெண்பிள்ளைகளோடு தனியே இருந்து கதைக்க ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். அம்மாமாரையும் கூப்பிடுங்கள், அவர்களுக்குத்தான் முதலில் தேவை. உடுப்பு ஒரு பெரிய விசயம். நீளக் காற்சட்டையும் தளர்ந்த ரி-சேர்ட்டும் போட்டு ஓடலாம் என்று அறிவித்தலிலேயே போடுங்கள், பாதிச் சண்டை அதோடு முடியும்.

இரும்புச்சத்தையும் விடாதீர்கள். அந்த வயதில் பெண்பிள்ளைகளுக்கு அது குறைந்தால் படி ஏறவே மூச்சு வாங்கும், ஆசிரியர் "உசாரில்லை" என்று எழுதுவார். முருங்கையிலை வறை, கீரை, பயறு எல்லாம் வீட்டில் இருக்கிறது. மத்தியானம் சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடித்தால் அந்த இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கட்டும். கீரைக்குத் தேசிக்காய் விட்டால் கூடச் சேரும். எங்கள் அம்மா கடைசியில் தேசிக்காய்ப்புளி விட்டுத்தான் கீரையை இறக்குவா, விஞ்ஞானம் தெரிந்தா செய்தா!

உரும்பிராய் அம்மா

ஜி.எஸ். தங்கச்சி, என் வாயில் வந்ததை எழுதிவிட்டீர்கள். மூத்தவளுக்குப் போன வருடம்தான் சடங்கு. அதற்குப் பிறகு சப்பாத்துப் பெட்டி திறக்கவேயில்லை.

சோழகம்

சரி, நான் கட்சி மாறுகிறேன். நாலாம் நாள் சாப்பாட்டுக்கு என்ன கொடுக்கப்போகிறீர்கள்? கடையில் விற்கிற கலர்ப் போத்தல் ஸ்போர்ட்ஸ் குடிபானம் என்றால் திரும்பவும் சண்டைக்கு வருவேன்.

கோண்டாவில் வாத்தி

போத்தல் உள்ளே வராது அண்ணை. ஒன்றிரண்டு மணித்தியாலம் விளையாடுகிற பிள்ளைக்குத் தண்ணீரும் வழக்கமான சாப்பாடும் போதும். உப்புப் போட்ட மோர் வைப்போம். இளநீரும் நல்லது, ஆனால் அதில் பொற்றாசியம்தான் கூட, வியர்வையோடு அதிகம் போகும் சோடியம் குறைவு. அதனால் இளநீரை ஏதோ மருந்து மாதிரிச் சொல்லப்போவதில்லை. அவித்த கடலை, கதலி வாழைப்பழம், ஒரு நாள் இலைக்கஞ்சி. வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கிற உப்புச் சீனிக் கரைசலைப் பிள்ளைகளே கலக்கிப் பழகட்டும்: கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீற்றர், மட்டமான தேக்கரண்டியால் ஆறு கரண்டி சீனி, அரைக் கரண்டி உப்பு. சீனி இருந்தால் குடல் உப்பையும் தண்ணீரையும் கெதியாக உறிஞ்சும், அதுதான் அதன் சூட்சுமம். உப்பு மட்டும் கூடக்கூடாது.

அண்ணை, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒரு தரம் சோழகத்தை முதுகில் வாங்கி, மறுதரம் முகத்தில் வாங்கி, 60 மீற்றர் ஓடவிட்டு நேரம் எடுக்கப்போகிறோம். பின்காற்று செக்கனுக்கு 2 மீற்றருக்கு மேல் இருந்தால் 100 மீற்றரில் ஓடிய நேரம் சாதனையாகப் பதியப்படாது என்று விதி இருக்கிறது. ஏன் என்று பிள்ளைகள் கொப்பியைப் பார்த்தே கண்டுபிடிப்பார்கள். நேரமெடுக்க ஆள் தேவை.

எதிர்வீரசிங்கத்தைப் பற்றி மாஸ்ரர் எழுதியதையும் இரண்டாம் நாளில் சேர்க்கிறேன். முதுகைக் கம்பிக்குக் காட்டிப் பாய்கிற முறையை அமெரிக்க வீரர் பொஸ்பரி 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் உலகத்துக்குக் காட்டினார். எதிர்வீரசிங்கம் தங்கம் எடுத்தது அதற்குப் பத்து வருடம் முந்தி. முதுகு வளைந்திருந்தால் உடம்பு கம்பிக்கு மேலால் போகும்போதே அதன் புவியீர்ப்பு மையம் கம்பிக்குக் கீழால் போகலாம். படம் கீறிக் காட்டுவேன், பாயவிடமாட்டேன். எங்களிடம் மெத்தை இல்லை.

இனி முடிவுகள். காலை 6.30 முதல் 9.30 வரை. நல்லூர்த் தேர், தீர்த்தம் வருகிற கிழமையைத் தவிர்க்கிறோம், அந்தக் கிழமை ஊரில் ஒரு பிள்ளையும் இருக்காது. பெண்பிள்ளைகளுக்கான அந்த ஒரு மணித்தியாலத்தை மூன்றாம் நாள் வைக்கலாம், ஜி.எஸ். தங்கச்சி ஆள் ஒழுங்குபடுத்தித் தந்தால் பெரிய உதவி. கடைசி நாள் போட்டியில்லை, மெடலில்லை. பெற்றோர் வரவேண்டும். பிள்ளைகள் அவர்களுக்கு நாடி பிடித்து, படி ஏறி இறங்கவிட்டு, திரும்ப எண்ணி, கொப்பியில் எழுதிக் கையில் கொடுப்பார்கள். சான்றிதழ் கேட்கிற அப்பாமாருக்குச் சனசமூக நிலைய முத்திரை குத்திய தாள் ஒன்று உண்டு, அதில் புள்ளியோ இடமோ இருக்காது. மாஸ்ரர், முதல் பத்துப் பேரின் பட்டியல் தரமாட்டேன். பெற்றோர் சம்மதித்தால் அந்தப் பிள்ளையின் கொப்பியைப் பாருங்கள், பிறந்த திகதியையும் சேர்த்துப் பாருங்கள்.

ரொறன்ரோ அப்பா, இருவரையும் கூட்டி வாருங்கள். கிளித்தட்டில் கத்தத் தொடங்கினால் தமிழ் தானாக வரும்.

பீ.ரி. மாஸ்ரர்

பட்டியல் விசயத்தில் இன்னும் எனக்கு மனக்குறைதான். நேரில் சண்டை பிடிப்போம். கிளித்தட்டுக்குக் கோடு நான் போடுகிறேன், நீங்கள் போட்டால் கோணலாக இருக்கும்.

உரும்பிராய் அம்மா

சேர், மூத்தவளின் பெயரைப் பதியுங்கள். முகாம் முடிய ரியூசனுக்கு ஓடலாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன், எட்டரை வகுப்பை அந்த ஐந்து நாளும் பின்னேரத்துக்கு மாற்றவும் கேட்டிருக்கிறேன். சப்பாத்துப் போட்டா வரவேண்டும், வெறுங்காலா? பழைய சப்பாத்து இப்போது காலுக்குக் காணாது.

கோண்டாவில் வாத்தி

பதிந்தாயிற்று அக்கா. மைதானத்தில் நெருஞ்சி முள் இருக்கிறது, ஓட்டத்துக்குச் சப்பாத்து வேண்டும். புதிதாக வாங்கவேண்டாம், கழகத்தில் பழைய சோடிகள் கிடக்கின்றன, அளவைச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் மட்டும் கழற்றவேண்டும். காலை நனைத்துச் சீமெந்துத் தரையில் அடிவைத்துப் பாதத்தின் வளைவு பார்ப்போம், பிறகு கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்பது.